மத்திய தேசத்து மொழிகள் – 7: புந்தேலி

வடக்கே யமுனை, தெற்கே நர்மதை, மேற்கே சம்பல், கிழக்கே தோன்ஸ் என நான்கு ஆறுகளை எல்லையாகச் சொல்லும் வழக்கம் புந்தேல்கண்டில் நெடுங்காலமாக உண்டு. அந்த எல்லை ஒரு காலத்து அரசின் வீச்சைக் குறிப்பதற்காகப் பிறந்ததாயினும், ஏறத்தாழ ஒரு மொழியின் பரப்பையும் அது சுட்டிவிடுகிறது. விந்திய மலையின் வடசரிவில் பாறைக் குன்றுகளும் வறண்ட மேட்டு நிலங்களும், அவற்றை அறுத்துக்கொண்டு யமுனையை நோக்கி ஓடும் பேத்வா, தசான், கேன் ஆறுகளும் சேர்ந்த இந்நிலப்பரப்பு இன்று உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் பிரிந்து கிடக்கிறது. ஜான்சி, லலித்பூர், ஜாலவுன், ஹமீர்பூர், மஹோபா ஆகியவை முன்னதைச் சேர்ந்தவை. தத்தியா, டீகம்கர், சத்தர்பூர், பன்னா, சாகர், தமோ ஆகியவை பின்னதைச் சேர்ந்தவை. இரு மாநிலங்களின் கிராமங்களிலும் மக்கள் பேசுவது ஒரே மொழி. அதன் பெயர் புந்தேலி.

அப்பெயர் மொழியைவிட இளையது. சந்தேல மன்னர்கள் கஜுராஹோவிலும் மஹோபாவிலும் காலிஞ்சர் கோட்டையிலும் இருந்து ஆண்ட காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை, இந்நாட்டுக்கு ஜேஜாகபுக்தி என்று பெயர். சந்தேலர்களின் வலிமை குன்றிய பின் குண்டார் மலைக்கோட்டையைப் பற்றிக்கொண்டு எழுந்த புந்தேல ராஜபுத்திரர்கள், 1531இல் ருத்ர பிரதாபின் காலத்தில் பேத்வா கரையில் ஓர்ச்சா நகரை நிறுவிய பிறகே நாடு புந்தேல்கண்ட் ஆயிற்று. நாட்டின் பெயர் அதன் மக்கள் பேசிய மொழிக்கும் ஏறியது. ஆட்சிக்கு வந்த குடியின் பெயரைத் தாங்கியதால் இம்மொழிக்கு ஓர் அரசியல் அடையாளம் கிடைத்தது உண்மை. ஆனால் அதே அரசவைகளில் எழுந்த இலக்கியம் வேறொரு மொழியின் கணக்கில் எழுதப்பட்டதும் உண்மை. இந்த முரணைப் புரிந்துகொள்ளாமல் புந்தேலியின் வரலாற்றைச் சொல்ல இயலாது.

முதலில் குடும்ப உறவு. இந்தோ-ஆரிய மொழிகளின் மத்தியக் கிளையில் மேற்கு ஹிந்தி என்னும் பிரிவைச் சேர்ந்தது புந்தேலி. மதுராவைச் சூழ்ந்த சூரசேன நாட்டின் பெயரால் அழைக்கப்பட்ட சௌரசேனிப் பிராகிருதமும், அது தேய்ந்து இன்றைய மொழிகளாக உருமாறுவதற்கு முன் இடைநிலையாக நின்ற சௌரசேனி அபப்பிரம்சமும் இதன் முன்னோர். இந்திய மொழிகளை மாவட்டம் மாவட்டமாக ஆராய்ந்து தொகுத்த ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்சன், இந்திய மொழியியல் அளவீட்டின் 9ஆம் தொகுதியின் முதற் பகுதியை 1916இல் வெளியிட்டபோது, மேற்கு ஹிந்தியின்கீழ் ஹிந்துஸ்தானி, பாங்கரு, பிரஜ் பாஷை, கன்னௌஜி, புந்தேலி ஆகிய ஐந்தையும் வைத்தார். அவதி, பகேலி, சத்தீஸ்கரி மூன்றும் கிழக்கு ஹிந்தி என அவருக்குத் தனிக் கூட்டம். பிற்கால மொழியியலாளர் பலவற்றில் அவரோடு மாறுபட்டிருப்பினும், புந்தேலியின் இடம் மட்டும் அவர் வைத்த இடத்திலேயே பெரிதும் நிலைத்திருக்கிறது.

மேற்கென்றும் கிழக்கென்றும் பிரிப்பதற்குக் காரணம் வெறும் திசையன்று. இறந்தகாலச் செயப்படுபொருள் குன்றா வினை வரும்போது எழுவாயோடு ‘நே’ என்னும் உருபு சேர்வதும், வினை எழுவாயைவிட்டுச் செயப்படுபொருளின் பாலையும் எண்ணையும் தழுவுவதும் மேற்கு ஹிந்தியின் இலக்கணம்; அவதிக்கு இந்த உருபே கிடையாது. புந்தேலியில் ‘நே’ உறுதியாக நிற்கிறது. ஆதலால் கிழக்கே பகேலியோடு தோள் உரசிக்கொண்டிருந்தும் அது மேற்கின் பக்கமே சாய்கிறது. ஆண்பால் பெயரடைகளும் வினைமுற்றுகளும் ஹிந்தியில் ‘ஆ’ என முடியும் இடங்களில் புந்தேலியில் ‘ஓ’ என முடிகின்றன. நல்லது என்பதற்கான ‘நோனோ’ என்ற சொல்லில் அந்த ஈற்றைக் காணலாம். இது பிரஜ் பாஷையோடும் கன்னௌஜியோடும் புந்தேலியை இணைக்கும் பொதுக்கூறு.

இனி, அதைத் தனித்துக் காட்டும் கூறுகள். இருந்தான் என்பதற்கு ஹிந்தியில் வரும் ‘தா’ இங்கே ‘ஹதோ’ என நிற்கிறது. விரைவான பேச்சில் ‘தோ’ எனக் குறுகுகிறது. எனக்கு என்பது ‘மோகோம்’. நான்காம் வேற்றுமைக்குரிய இந்தக் ‘கோம்’ உருபில் மூச்சொலி கலந்த ககரமும் மூக்கொலியும் வருவது புந்தேலி பேசுபவரை உடனே அடையாளம் காட்டிவிடும். சொல்லின் இடையில் வரும் ஹகரம் நிலைப்பதில்லை. ‘கஹீ’ என்பது ‘கயீ’ ஆகிறது, ‘ரஹே’ என்பது ‘ரயே’ ஆகிறது. ஹிந்தியில் நாவை மடித்து வருடி ஒலிக்கும் டகரம் சாதாரண ரகரமாகத் தேய்ந்து, குதிரையைக் குறிக்கும் ‘கோடா’ இங்கே ‘கோரோ’ ஆகிறது. அவன், இவன் என்னும் சுட்டுகளில் வகரம் பகரமாகவும் யகரம் ஜகரமாகவும் மாறி ‘போ’, ‘ஜௌ’ என வருகின்றன. எதிர்காலத்தைக் காட்ட ஹகரம் கொண்ட பழைய வடிவமும் ககரம் கொண்ட புதிய வடிவமும் அருகருகே வழங்குகின்றன. பெரியோர் பெயரோடும் தெய்வத்தின் பெயரோடும் ‘ஜூ’ என்னும் மதிப்புச் சொல்லைச் சேர்ப்பது இந்நாட்டு மரியாதை. சிறிய தந்தையைக் கக்கா என்றும் ‘கக்காஜூ’ என்றும் அழைக்கும் வீடுகளில் மொழியின் பண்பும் மக்களின் பண்பும் ஒன்றாகவே கேட்கும்.

கிளைவழக்குகளைப் பற்றிக் கிரியர்சன் தொகுத்துத் தந்த வரைபடமே இன்றும் ஆய்வுகளின் தொடக்கம். ஜான்சி, டீகம்கர், சாகர் வட்டாரங்களின் பேச்சை அவர் பொதுப் புந்தேலியாகக் கொண்டார். அதன் வடமேற்கில், தத்தியாவிலும் குவாலியரின் அண்டைப் பகுதிகளிலும் பன்வார் ராஜபுத்திரரின் பெயரால் வழங்கும் பன்வாரி. ஹமீர்பூரின் ராட் வட்டாரத்தில் லோதி உழவர்களின் பெயரால் லோதாந்தி, அதுவே ஊர்ப் பெயரால் ராடோரா. பன்னா, சத்தர்பூர், தமோ பகுதிகளில் கடோலா. கிழக்கே போகப் போகப் பகேலியின் கலப்பு கூடுகிறது. மஹோபா வட்டாரத்தின் பனாபரியும், கேன் ஆற்றின் இரு கரைகளிலும் வழங்கும் குந்த்ரியும், யமுனைக் கரையை ஒட்டிய நிபட்டாவும் அத்தகைய கலப்பு வழக்குகள். வடமேற்கில் சம்பல் பள்ளத்தாக்கின் பதௌரி பிரஜ் பாஷையோடு கலக்கிறது. இப்பெயர்களுள் பல சாதிப் பெயர்களாகவோ வட்டாரப் பெயர்களாகவோ இருப்பதைக் கவனிக்க வேண்டும். குடியேற்றமும் தொழிலும் உறவுமுறையும் பேச்சின் எல்லையை எப்படி வரைந்தன என்பதை அவை காட்டுகின்றன.

தெற்கில் நிலைமை இன்னும் தெளிவு. சாத்புரா மலைகளைக் கடந்து பாலாகாட், சிந்த்வாடா, நாக்பூர் எனப் புலம்பெயர்ந்த குடிகள் தங்கள் பேச்சைக் கையோடு கொண்டு போயின. மராட்டி பேசும் நாட்டின் நடுவே லோதிகளின் பேச்சும், நெசவாளரான கோஷ்டிகளின் பேச்சும், குயவரின் கும்பாரியும் புந்தேலி அடித்தளத்தின்மேல் மராட்டி படிந்த கலவைகளாக உருவாயின. கிரியர்சன் இவற்றைச் சிதைந்த வழக்குகள் என்ற தலைப்பின்கீழ் ஒதுக்கினார். அந்தத் தீர்ப்பை இன்று ஏற்க இயலாது. அயல்மொழிக்கு நடுவே பல தலைமுறைகள் தாய்மொழியின் சட்டகத்தை விடாமல் காத்த குடிகளின் பேச்சைச் சிதைவு எனச் சொல்வது, அரண்மனைப் பேச்சை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட பார்வையின் குறை.

இலக்கியத்துக்கு வருவோம். புந்தேலிப் பரப்பின் வடமேற்கு வாயிலான குவாலியரில், தோமர் மன்னர் டூங்கரேந்திர சிங்கின் அவையில் விஷ்ணுதாஸ் என்னும் கவிஞர் 1435இல் மகாபாரதத்தைப் ‘பாண்டவ சரித’மாகவும் 1442இல் ராமாயணத்தை ‘ராமாயண கதை’யாகவும் நாட்டு மொழியில் பாடினார். துளசிதாசர் அவதியில் ராமகதையைப் பாடுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே நிகழ்ந்தது இது. அவர் எழுதிய மொழிக்குக் குவாலியரி என்ற பெயர் அக்காலத்தில் வழங்கியது. பிரஜ் பாஷை என்ற பெயர் வட இந்தியக் கவிதையின் பொதுப் பெயராக நிலைபெற்றது அதற்கும் பின்னரே. ஹரிஹர் நிவாஸ் திவிவேதி போன்ற அறிஞர்கள் இந்தக் குவாலியரியே மத்திய தேசத்து இலக்கிய மொழியின் முதல் வடிவம் எனவும், கிருஷ்ண பக்தி இயக்கத்தின் செல்வாக்கால் அதன் பெயர் மட்டும் பிரஜ் என மாறியது எனவும் வாதிட்டனர். மொழியியல் நோக்கில் இவ்வாதம் முழுதும் நிறுவப்படவில்லை எனினும், மதுரா, பிருந்தாவனத்தின் பக்தி மரபு வட இந்திய இலக்கிய வரலாற்றில் பெற்ற மேலோங்கிய இடம், தெற்கேயிருந்த அரசவைகளின் பங்கை மறைத்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

ஓர்ச்சாவின் கேசவதாஸ் இதற்குச் சான்று. சம்ஸ்கிருதப் புலமையைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட அந்தணக் குடும்பத்தில் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் பிறந்த அவர், மதுகர் ஷாவின் மகனான இந்திரஜித் சிங்கின் ஆதரவில் 1591இல் ‘ரசிகப்பிரியா’வையும் 1601இல் ‘கவிப்பிரியா’வையும் ‘ராமசந்திரிகா’வையும் இயற்றினார். நாயக நாயகி வகைகளையும் அணிகளையும் இலக்கணமாக வகுத்து, அதற்கு எடுத்துக்காட்டுகளாகத் தாமே செய்யுள் இயற்றும் ‘ரீதி’ மரபு, அதாவது நெறிப்பட்ட அவைக்கவிதை மரபு, வட இந்தியாவில் நிலைபெற இந்நூல்களே வழிசெய்தன. கவிப்பிரியாவை அவர் எழுதியது இந்திரஜித்தின் அவையில் ஆடலிலும் பாடலிலும் சிறந்திருந்த, தாமும் கவிஞரான பிரவீண் ராய்க்குக் கற்பிப்பதற்காக. அந்நூலில் தம் குலத்து ஏவலாளர்கூட நாட்டு மொழி பேசியறியாதவர்கள் என்றும், அக்குலத்தில் பிறந்த தாம் மந்த மதியால் நாட்டு மொழிக் கவிஞன் ஆகிவிட்டதாகவும் கேசவதாஸ் குறிப்பிடுகிறார். அது அவையடக்கமாகவே பெரிதும் படிக்கப்பட்டு வந்துள்ளது. ஆயினும் சம்ஸ்கிருதத்தின் அவையில் நாட்டு மொழியைத் துணிந்து அமர்த்தியவரின் பெருமிதமும் அதில் ஒலிக்கிறது.

அக்பரின் அமைச்சர் அபுல் பசலை 1602இல் இளவரசர் சலீமின் பொருட்டுக் கொன்ற வீர சிங் தேவ், சலீம் ஜஹாங்கீராக அரியணை ஏறியதும் ஓர்ச்சாவின் அரசரானார். அவருடைய வரலாற்றைக் கேசவதாஸ் 1607இல் ‘வீரசிம்ஹதேவ சரித’மாகப் பாடினார். 1610இல் எழுதிய ‘விஞ்ஞான கீதை’க்கு அவர் மூலமாகக் கொண்டது ‘பிரபோத சந்திரோதயம்’ என்னும் சம்ஸ்கிருத நாடகம். 11ஆம் நூற்றாண்டில் சந்தேல மன்னர் கீர்த்திவர்மனின் அவையில் கிருஷ்ண மிஸ்ரர் இயற்றிய அந்நாடகத்தைத் தமிழில் மாதைத் திருவேங்கடநாதர் செய்யுள் நூலாக்கியதைத் தமிழ் வாசகர் அறிவர். தன் மண்ணில் பிறந்த சம்ஸ்கிருத நாடகம் ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் அதே மண்ணின் மொழிக்கு வந்து சேர்ந்த இந்நிகழ்ச்சி, புந்தேல்கண்டின் இலக்கிய நினைவு அரச வம்சங்களின் மாற்றத்தால் அறுந்துவிடவில்லை என்பதைக் காட்டுகிறது.

ஆனால் கேசவதாஸின் மொழி எது? இலக்கிய வரலாறுகள் பிரஜ் பாஷை என்கின்றன. புந்தேலி ஆர்வலர் புந்தேலி என்கின்றனர். அவருடைய சொற்களிலும் சில வேற்றுமை உருபுகளிலும் வினைவடிவங்களிலும் ஓர்ச்சாவின் பேச்சு கலந்திருப்பது மறுக்க முடியாதது. அதே சமயம் அவர் எழுத விரும்பியது ஆக்ரா முதல் ஜெய்ப்பூர் வரை அவைப்புலவர் அனைவருக்கும் விளங்கும் பொது இலக்கிய மொழி என்பதும் தெளிவு. அவருடைய புரவலரான இந்திரஜித் தாமே பர்த்ருஹரியின் சதகங்களுக்கு உரைநடையில் விளக்கம் எழுதினார். அந்த உரையை ஆராய்ந்து ஆர். எஸ். மெக்ரெகர் 1968இல் கேம்பிரிட்ஜிலிருந்து வெளியிட்ட நூலும் அதைத் தொடக்ககாலப் பிரஜ் உரைநடை என்றே வகைப்படுத்துகிறது. ஓர்ச்சாவின் அரச குடும்பத்தவர் ஒருவர் எழுதிய உரைநடைக்கே இந்த நிலை என்றால், மற்றவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. கேசவதாஸைப் புந்தேலிக்காகப் போராடிப் பெறுவதால் அம்மொழிக்குப் பெரிய ஆதாயம் இல்லை. பொது இலக்கிய மொழி ஒன்றை உருவாக்குவதில் புந்தேல்கண்ட் வகித்த தலைமையை ஒப்புக்கொள்வதே நீதியான தீர்வு.

பின்வந்த அவைக்கவிஞர்களுக்கும் இதுவே பொருந்தும். முகலாயரை எதிர்த்துக் கிழக்குப் புந்தேல்கண்டில் தனியரசு கண்ட சத்ரசாலின் (1649–1731) வரலாற்றை லால் கவி ‘சத்ரபிரகாஷ்’ என்னும் காவியமாகப் பாடினார். 1828இல் கேப்டன் போக்சன் புந்தேலர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியபோது அதற்கு அடிப்படையாக அமைந்தது இந்நூலே. தெலுங்கு வழி வந்த தைலங்க அந்தணக் குடும்பத்தில் 1753இல் பிறந்து, சாகர், பாந்தா அவைகளோடு தொடர்புகொண்டு வாழ்ந்த பத்மாகர், ரீதி மரபின் கடைசிப் பெருங்கவிஞராக மதிக்கப்படுகிறார்.

அவைக்கவிதையைக் காட்டிலும் புந்தேலிக்கு உறுதியான எழுத்துச் சான்று தருபவை அரசு ஆவணங்கள். ஓர்ச்சா, பன்னா, தத்தியா முதலிய அரசுகள் வழங்கிய நிலக்கொடைப் பட்டயங்களும், அவை தமக்குள்ளும் மராட்டிய அதிகாரிகளோடும் நடத்திய கடிதப் போக்குவரத்தும் புந்தேலி உரைநடையில் அமைந்தவை. முகமது கான் பங்கஷ் முற்றுகையிட்டபோது 1729இல் உதவிக்கு வந்த பேஷ்வா முதலாம் பாஜிராவுக்குச் சத்ரசால் தம் நாட்டின் ஒரு பகுதியை வழங்கியபின், ஜான்சியிலும் சாகரிலும் மராட்டிய ஆட்சி வேரூன்றியது. ஆட்சியாளர் மராட்டி பேசியவராயினும் உள்ளூர்ச் சிற்றரசர்களோடு எழுதவும் பேசவும் அவர்களுக்குப் புந்தேலி வேண்டியிருந்தது. கவிதையில் பொதுமொழியின் நிழலில் நின்ற புந்தேலி, ஆட்சியின் அன்றாடத் தேவைகளில் தன் சொந்த உருபுகளோடும் வினைகளோடும் எழுதப்பட்டது. இலக்கிய வரலாற்றாசிரியர் இவற்றைப் பெரிதும் புறக்கணித்தனர். மொழி வரலாற்றாசிரியருக்கோ இவை காவியங்களைவிட மதிப்புள்ளவை.

எழுத்தைத் தாண்டிய பெருஞ்செல்வம் ஒன்று உண்டு, அது ஆல்ஹா. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சந்தேல மன்னர் பரமர்தியை, மக்கள் வழக்கில் பர்மாலை, தில்லி, அஜ்மீரின் பிருதிவிராஜ் சௌகான் தாக்கி மஹோபாவை வென்றார். லலித்பூர் மாவட்டத்தின் மதன்பூரில் உள்ள கல்வெட்டு, விக்ரம ஆண்டு 1239இல், அதாவது 1182–83இல், பிருதிவிராஜ் ஜேஜாகபுக்தியைச் சூறையாடிய செய்தியைப் பதிவு செய்திருக்கிறது. வென்றவரின் கல்வெட்டு சில வரிகளில் முடிந்துபோக, தோற்றவர்களின் நினைவு நூற்றாண்டுகளைக் கடந்து பாட்டாக வளர்ந்தது. பர்மாலின் படைத்தலைவர்களான ஆல்ஹா, ஊதல் என்னும் பனாபர் குலச் சகோதரர்கள் அப்பாட்டின் நாயகர்கள்.

தந்தையைக் கொன்றவர்களைப் பழிவாங்க மாடோகட் மீது படையெடுப்பதில் தொடங்கி, மணப்பெண்ணை வாளால் வென்று வரும் திருமணப் போர்களாகத் தொடர்ந்து, அரசியின் உடன்பிறந்தவனான மாஹிலின் சூழ்ச்சியால் சகோதரர்கள் மஹோபாவைவிட்டுக் கன்னோசிக்கு நாடுகடந்து செல்வதும், முளைப்பாரியைக் குளத்தில் விடும் கஜலித் திருநாளில் பகைவர் நகரைச் சூழ்ந்தபோது மானம் காக்கத் திரும்பி வருவதும், இறுதிப் போரில் ஊதல் வீழ்வதுமாக விரிகிறது கதை. மரபுக் கணக்கில் ஐம்பத்திரண்டு போர்கள். பனாபர்களைக் குலத்தில் தாழ்ந்தவர் என மற்ற ராஜபுத்திரர் இகழ்வது கதை நெடுகக் கேட்கிறது. பிறப்பால் இழிவு பேசப்பட்டவர்களின் வாள்வலியே அரசைத் தாங்கியது என்னும் இந்த உள்ளோட்டமே ஆல்ஹாவை உழவர்களின் காவியமாக்கியது எனலாம். மஹோபாவின் கீரத் சாகர் ஏரிக்கரையில் கஜலித் திருவிழா இன்றும் அப்போரின் நினைவாகவே கொண்டாடப்படுகிறது. மைஹர் குன்றின் சாரதா தேவிக்கு ஆல்ஹா நாள்தோறும் முதல் மலரைச் சாத்துகிறார் என்பது மக்களின் நம்பிக்கை.

இதைப் பாடியவர் பர்மாலின் அவைக்கவிஞர் ஜக்னிக் என மரபு சொல்கிறது. அவர் காலத்து ஏடு எதுவும் கிடைக்கவில்லை. கிடைப்பதெல்லாம் மழைக்காலத்தில் மேளத்தோடு பாடும் ஆல்ஹா பாடகரின் நாவில் வாழும் பாட்டு. ஓரடிக்கு 31 மாத்திரைகள், பதினாறில் நிறுத்தமும் பதினைந்தில் முடிவும் கொண்ட அதன் யாப்புக்கே ஆல்ஹா என்றும் வீர சந்தம் என்றும் பெயர். தமிழ் யாப்பில் எழுத்தின் கால அளவைக் குறிக்கும் மாத்திரையே இங்கு அடியை அளக்கும் கோல். குறிலுக்கு ஒன்றும் நெடிலுக்கு இரண்டும் என்பதும் பொது. 1860களில் பரூக்காபாதில் ஆட்சியராயிருந்த சார்லஸ் எலியட் பாடகர்களை வரவழைத்து முதன்முறையாக இதை எழுதவைத்து அச்சிடச் செய்தார். அது கன்னௌஜி பேசும் வட்டாரமாதலால் அச்சேறிய முதல் வடிவமும் அவ்வட்டார மொழியின் சாயலையே பெற்றது. வில்லியம் வாட்டர்பீல்டின் ஆங்கிலப் பாட்டு வடிவம் கிரியர்சனின் முன்னுரையோடு 1923இல் ஆக்ஸ்போர்டில் வெளிவந்தது. போஜ்புரி பேசும் பீகார்வரை பரவிய இக்காவியம் சென்ற இடமெல்லாம் அந்த நாட்டு மொழியை உடுத்திக்கொண்டது. கதையின் மண்ணான மஹோபாவின் பனாபரி வழக்கோ அச்சில் பின்தங்கிவிட்டது.

பெயரும் முகமும் உள்ள தனிக்கவிஞராகப் புந்தேலி தனக்கெனப் பெற்றவர் ஈசுரி. ஜான்சி மாவட்டத்து மௌராணிப்பூரை அடுத்த மேண்ட்கி கிராமத்தில் 1838இல் பிறந்து, ஜமீன்தார்களிடம் காரியக்காரராக வேலை பார்த்து, 1909இல் மறைந்த அவர் அவைக்கவிஞர் அல்லர். எந்த இலக்கணத்துக்கும் எடுத்துக்காட்டு எழுத வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. பங்குனியில் ஹோலியை ஒட்டிப் பாடும் பாக் என்னும் நாட்டுப்பாட்டை எடுத்து, 28 மாத்திரை அடிகள் கொண்ட ‘சௌகடியா’ என்னும் நான்கடி வடிவத்தில் செப்பமாக நிறுத்தியது அவருடைய சாதனை. முதல் அடியின் இரு பாதிகளும் எதுகைபோல் ஒத்து முடிய, பின்வரும் அடிகள் அதே முடிவைத் தொட்டுத் திரும்பும். அளவில் சிறிதாயிருந்ததால் கேட்டவர் மனத்தில் அப்படியே தங்கியது. ஊர் ஊராகப் பரவுவதற்கு ஏடு தேவைப்படவில்லை.

ரஜவ் என்னும் பெண்ணை முன்னிலைப்படுத்தி அவர் பாடிய காதல் பாக்கள் புந்தேல்கண்ட் முழுவதும் பாடப்படுகின்றன. ரஜவ் உண்மையில் வாழ்ந்தவளா, கவிஞரின் கற்பனையா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. மைத்ரேயி புஷ்பா அக்காதலைப் பெண்ணின் பக்கமிருந்து நோக்கி 2004இல் ‘கஹி ஈசுரி பாக்’ என்னும் ஹிந்தி நாவலை எழுதினார். ஈசுரியை வெறும் சிருங்காரக் கவிஞராகச் சுருக்குவது தவறு. உடலின் நிலையாமை, ராம பக்தி, ஊரின் நன்மை தின்மைகள் எனக் கிராமத்து மனிதனின் சிந்தனையில் எழுந்தவை யாவும் அவர் பாட்டில் உண்டு. சத்தர்பூரின் கங்காதர் வியாஸும் சர்க்காரியின் கியாலிராமும் அவருடைய சமகாலத்தவர். மூவரையும் சேர்த்துப் புந்தேலியின் மும்மூர்த்திகளாகப் போற்றுவர். நூற்றாண்டுகளாக அரசவை செய்யாத ஒன்றை இம்மூவரும் செய்தனர்: பிரஜ் பாஷையின் பக்கம் சாயாமல், வீதியிலும் வயலிலும் பேசிய வடிவத்திலேயே கவிதை செய்தனர். புந்தேலிக்குரிய இலக்கியம் எது என்ற கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் ஓர்ச்சாவின் அரண்மனையன்று, மௌராணிப்பூரின் கிராமங்களே.

பெண்களின் பாட்டுகளைச் சேர்த்தால்தான் இக்கணக்கு நிறைவு பெறும். முள் நிறைந்த மரக்கிளையில் முள்ளுக்கொரு பூவாகக் குத்தி அலங்கரித்துச் சிறுமியர் பாடி நீர்நிலையில் விடும் மாமுலியா, நவராத்திரியில் சுவரில் உருவம் வரைந்து பாடும் சுஆட்டா ஆகியவை பாட்டும் விளையாட்டும் வழிபாடும் சேர்ந்தவை. நர்மதைக்கு யாத்திரை போவோர் வழிநெடுகக் குரலை நீட்டிப் பாடுவது லம்டேரா. திருமணப் பாட்டுகளில் ஹர்தௌலின் பெயர் தவறாமல் வரும். ஓர்ச்சாவின் ஜுஜார் சிங்கின் தம்பியான அவர், அண்ணியோடு தவறான உறவு கொண்டதாக எழுந்த ஐயத்தால் நஞ்சிடப்பட்டு இறந்ததாகவும், இறந்தபின்னும் தமக்கையின் மகள் திருமணத்துக்குத் தாய்மாமன் சீரோடு வந்ததாகவும் கதை. இன்றும் புந்தேல்கண்டின் குடும்பங்கள் முதல் திருமண அழைப்பை ஊர் ஹர்தௌல் மேடையில் வைக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டு இம்மொழிக்கு ஒரு கையால் எடுத்து மறுகையால் கொடுத்தது. ஜான்சியை அடுத்த சிர்காவ்னில் 1886இல் பிறந்த மைதிலிசரண் குப்தரும், மௌராணிப்பூரில் 1889இல் பிறந்த விருந்தாவன்லால் வர்மாவும் நாடறிந்த எழுத்தாளர்களானது கடிபோலி ஹிந்தியில். தில்லி, மீரட் வட்டாரப் பேச்சின் அடிப்படையில் தரப்படுத்தப்பட்ட அந்த ஹிந்தியே பள்ளிக்கும் பத்திரிகைக்கும் உரியது என்ற தேசிய உணர்வு அக்காலத்தில் வலுவாயிருந்தது. வர்மாவின் ‘கட் குண்டார்’, ‘ஜான்சி ராணி’ ஆகிய நாவல்களில் மண்ணும் மனிதரும் புந்தேல்கண்டைச் சேர்ந்தவர்கள். கதை சொல்லும் மொழி ஹிந்தி. சுபத்ரா குமாரி சௌகானின் புகழ்பெற்ற ஜான்சி ராணிப் பாடல், அக்கதையைத் தாம் கேட்டது புந்தேல ஹர்போலா பாடகர்களின் வாயிலாக என்கிறது. நாடெங்கும் பள்ளிப்பிள்ளைகள் மனப்பாடம் செய்த அப்பாடலும் ஹிந்தியே.

மறுபுறம், ஓர்ச்சா அரசின் அப்போதைய தலைநகரான டீகம்கரில், மன்னர் இரண்டாம் வீர சிங் தேவின் ஆதரவில் பனாரசிதாஸ் சதுர்வேதி 1940இல் குண்டேஸ்வரிலிருந்து ‘மதுகர்’ இதழைத் தொடங்கினார். மொழியையும் நாட்டுப்பாட்டையும் ஊர் வரலாற்றையும் அந்தந்த வட்டாரத்தாரே திரட்ட வேண்டும் என்பது அவ்விதழின் நோக்கம். அதே டீகம்கரிலிருந்து ‘லோகவார்த்தா’ இதழை நடத்திய கிருஷ்ணானந்த குப்தர், ஈசுரியின் பாக்களைத் திரட்டிப் பதிப்பித்தார். எம். பி. ஜெய்ஸ்வாலின் புந்தேலி மொழியியல் ஆய்வு 1962இல் ஹாலந்தின் லைடன் நகரிலிருந்து வெளிவந்தது. ராமேஷ்வர் பிரசாத் அகர்வாலின் ஹிந்தி ஆய்வு அடுத்த ஆண்டில் வந்தது. நர்மதா பிரசாத் குப்தர் சத்தர்பூரிலிருந்து நாட்டுப்பாட்டுப் பெயரையே தாங்கிய ‘மாமுலியா’ இதழை நடத்தினார். சாகர் பல்கலைக்கழகத்தில் புந்தேலி ஆய்வுக்கென ஒரு பீடமும் ஏற்பட்டது.

அரசியல் எல்லைகள் மட்டும் இம்மொழிக்குத் துணையாக அமையவில்லை. 1948இல் புந்தேல்கண்ட், பகேல்கண்ட் சமஸ்தானங்களை இணைத்து உருவான விந்தியப் பிரதேசம் 1956இல் மத்தியப் பிரதேசத்தில் கரைந்தது. ஜான்சி முதலிய பழைய பிரிட்டிஷ் மாவட்டங்கள் உத்தரப் பிரதேசத்திலேயே நின்றன. எந்த மாநிலத்திலும் பெரும்பான்மை ஆகாத மொழிக்குப் பாடநூலும் நிர்வாகமும் வாய்க்கவில்லை.

மக்கள்தொகைக் கணக்கு இதன் விளைவைக் காட்டுகிறது. 1891ஆம் ஆண்டுக் கணக்கை அடிப்படையாகக் கொண்டு கிரியர்சன் புந்தேலி பேசுவோர் 68 லட்சத்து 69 ஆயிரம் எனக் குறித்தார். நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து 2001 கணக்கெடுப்பில் புந்தேலியைத் தாய்மொழியாகப் பதிந்தவர் சுமார் 30 லட்சத்து 72 ஆயிரம் பேர். 2011இல் 56 லட்சத்து 26 ஆயிரம் பேர். முன்னது வட்டாரவாரியாக மதிப்பிட்ட எண், பின்னவை மக்கள் தாமே சொன்ன விடை. ஆகவே இவற்றை நேருக்கு நேர் ஒப்பிட்டு மொழி தேய்ந்தது என முடிவு கட்டலாகாது. வீட்டில் புந்தேலி பேசும் லட்சக்கணக்கானோர் கணக்கெடுப்பாளரிடம் தம் மொழி ஹிந்தி என்றனர் என்பதே சரியான விளக்கம். புந்தேலி எனச் சொன்னவர்களையும் அரசு அட்டவணை ஹிந்தி என்னும் தலைப்பின்கீழ், ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிகளுள் ஒன்றாகவே சேர்க்கிறது. பத்தாண்டுக்குள் எண் இரு மடங்கை நெருங்கியதற்குக் குழந்தைப் பிறப்பு காரணமாக இருக்க முடியாது. தம் பேச்சுக்கு அதன் பெயரையே சொல்லத் துணிந்தவர்கள் பெருகினர்.

2003இல் மைதிலி அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றபின், புந்தேலிக்கும் அவ்விடம் வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது. இதுவரை அது நிறைவேறவில்லை. 2022இல் புந்தேலிக் கவிஞர் அவத் கிஷோர் ஜடியாவும், புந்தேல்கண்டின் ராயி நடனக் கலைஞர் ராம்சகாய் பாண்டேயும் ஒருங்கே பத்மஸ்ரீ பெற்றனர். ஓர்ச்சா, பன்னா, தத்தியா அரசுகளின் பட்டயங்களையும் கடிதங்களையும் முழுமையாகப் பதிப்பிப்பது, மஹோபா வட்டார ஆல்ஹாவைப் பாடகர்களின் வழக்கிலேயே பதிவு செய்து அச்சிடுவது ஆகிய இரு பணிகளும் அட்டவணையின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியவை அல்ல.

(தொடரும்)